எட்டுகிற பக்கத்து மூன்று பிளக்குகள்

ஜட்ஜ் என்று பெயரெடுக்க அவர் சட்டம் படிக்கவில்லை. பள்ளிக்கூடமே அவரைப் பத்தாவதோடு விடுதலை செய்துவிட்டது. முப்பது வருஷமாக டிரக் மெக்கானிக். பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றால் மற்ற மெக்கானிக்குகள் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். இவர், "எவன் கை வெச்சான் இதுல?" என்று கேட்பார். குற்றம் நடந்துவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆளைப் பிடிப்பதுதான் பாக்கி.

பிறகு பானெட்டைத் திறந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறக்கும்போது தீர்ப்பு தயார். டிரைவர் குற்றவாளி. அல்லது போன தடவை பார்த்த மெக்கானிக் குற்றவாளி. அல்லது பெட்ரோல் பங்க். ஒருமுறை மழையையே குற்றவாளி ஆக்கியிருக்கிறார். மேல்முறையீடு கிடையாது. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் கேலியாக ஜட்ஜ் என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி என்று இவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் பிடித்துப்போனதா தெரியாது. கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளேயும் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதுதான் வினை. பத்துக்கு ஐந்து என்று இருந்திருந்தால் மனிதர் கொஞ்சம் பயந்து பேசியிருப்பார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. கழற்றுகிற வயரில் அடையாளம் வைக்கமாட்டார். மற்ற பட்டறைகளில் இடது வயருக்கு ஒரு துணி, வலது வயருக்கு வேறு நிறத்தில் ஒரு துணி என்று கட்டிவிட்டுத்தான் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. ஜட்ஜுக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. "துணி கட்டித்தான் கழட்டணும்னா அவன் மெக்கானிக் இல்லப்பா, தையக்காரன். எனக்கு எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். தட்டின இடத்தில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். சாக்பீஸால் கோடு போடாமல் கத்தரிக்கோலை எடுக்காதவர். இந்தப் பேச்சை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

ஜட்ஜுடைய தங்கை புருஷன் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார். ஃபேக்டரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கொட்டகை, காது கிழிய அடித்துக்கொள்ளும் ஒரு கம்ப்ரெஸ்ஸர், ஒரு டிரக். விடிந்ததும் ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு நெட்டுக்குத்து மேடு. அந்த மேட்டில் வண்டி திணறினால் ஐஸ் தண்ணீராகப் போய்ச் சேரும். தண்ணீரை மீன்காரர்கள் விலை கொடுத்து வாங்குவதில்லை. அவர்கள் சரக்கே அதிலிருந்துதான் வருகிறது.

அந்த வண்டியை ஒன்பது வருஷமாக ஒரே டிரைவர் ஓட்டினார். அதிகம் பேசாத ஆள். வண்டியைப் பட்டறையில் விட்டால் மற்ற டிரைவர்கள் மாதிரி டீ குடிக்க நழுவமாட்டார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாதிரி கூடவே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழு மாசத்துக்கு முன்பு அந்த வண்டியின் கிளட்ச் பிளேட் தேய்ந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். தங்கை வீட்டு வண்டியில் வேறு யாரையும் தொட விடமாட்டார் என்பதால் ஜட்ஜே பலகையில் படுத்து அடியில் போனார். புகைக்குழாய்களைக் கழற்றினார், வயர்களைப் பிடுங்கினார், கியர்பாக்ஸை இறக்கினார், பிளேட்டை மாற்றினார், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். ஒரே நாளில் முடிந்தது. எதிலும் துணி கட்டவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் டிரைவர் வண்டியோடு திரும்பி வந்தார். முதலாளியான மாப்பிள்ளையும் கூடவே வந்து இறங்கினார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. மேட்டுல இழுக்கமாட்டேங்குது. பெட்ரோலும் ஏகத்துக்குக் குடிக்குது" என்றார் டிரைவர்.

"எப்பலேர்ந்து?"

"நீங்க கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தின மறுநாள்லேர்ந்து."

டிரைவர் சொன்னது ஒரு தேதிதான். ஜட்ஜ் அதைக் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? கால்ல கட்டுப் போட்டா தலைவலி வருமா?"

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டதும் ஜட்ஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த எஞ்சினுக்கு ஆறு பிளக். வலப்பக்கம் மூன்று, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில். இடப்பக்கம் மூன்று, குழாய்களுக்கும் பெட்டிகளுக்கும் பின்னால், மேல்பாகத்தையே பிரித்தால்தான் கண்ணில் படும். எட்டுகிற பக்கத்து மூன்றைக் கழற்றினார். மூன்றும் கரி அப்பிக் கன்னங்கரேல் என்று இருந்தன. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"மண்ணெண்ணெய்" என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "என்ன மச்சான் சொல்றீங்க?"

"டாங்க்லேர்ந்து பெட்ரோலை உறிஞ்சி வித்துட்டு மண்ணெண்ணெயை ஊத்தி வெச்சிருக்கான் மாப்ளே. இப்படிக் கரி வேற எதுக்கும் பிடிக்காது."

"அண்ணே, என் பிள்ளைங்கமேல சத்தியமா..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"நீ சத்தியம் பண்ணுவ. பிளக் பொய் சொல்லாதுப்பா."

பிளக் பொய் சொல்லவில்லைதான். ஆறு சாட்சியில் மூன்று பேரை மட்டும் கூண்டில் ஏற்றியதற்குப் பிளக் என்ன செய்யும்? முதலாளி கையை நீட்டினார். டிரைவர் சாவியை வைத்தார். ஒன்பது வருஷ உத்தியோகம் பிளக்கில் சூடு ஆறுவதற்குள் முடிந்துபோனது.

ஜட்ஜ் டாங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் தேய்த்துப் போட்டு, வண்டிக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய நினைவையெல்லாம் அழித்துவிட்டார். மறுநாள் வண்டி மேட்டில் சிட்டாகப் பறந்தது. "பாத்தீங்களா? திருடன் போனான், திருட்டும் போச்சு" என்று முதலாளி மார்க்கெட் பூராவும் சொன்னார். அதற்கடுத்த நாள் பழையபடி திணற ஆரம்பித்ததை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. ஜட்ஜிடம் மட்டும் கேட்டார். ஜட்ஜ் யோசிக்கவே இல்லை: "அவன் ஊத்தின விஷம் எஞ்சின்ல ஊறிப்போய் இருக்கும் மாப்ளே. மெதுவாத்தான் போகும்." குற்றவாளி போன பிறகும் குற்றம் நடந்தால் அவன் எப்பேர்ப்பட்ட குற்றவாளியாக இருந்திருக்க வேண்டும்! முதலாளியே வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். முன்னால் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு கண்ணை உறுத்தியதால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

டிரைவர் நாலைந்து இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் பழைய முதலாளி யார் என்று கேட்டார்கள். பேரைச் சொன்னதும், "ஓ, அந்தப் பெட்ரோல் கேஸா?" என்றார்கள். கடைசியில் மீன் மார்க்கெட்டிலேயே பாளம் இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டிக்கொண்டு வந்த ஐஸை இப்போது தோளில் சாக்கைப் போட்டுச் சுமந்தார்.

இப்படியே மாசங்கள் போய், போன வாரம் வண்டி மேட்டில் நின்றேவிட்டது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் தோல்வி. சான்றிதழ் இல்லாமல் சாலையில் ஓட்டக்கூடாது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று காட்டியது. வண்டியின் அடியில், புகைக்குழாய் நடுவில், டப்பா மாதிரி இருக்குமே அது. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள். எஞ்சின் எரிக்காமல் விட்டதை அது எரித்து, புகையைச் சுத்தமாக்கி அனுப்பும். இந்த வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முதலாளி இரண்டு புது கன்வெர்ட்டரை அட்டைப்பெட்டியோடு வாங்கிக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். இரண்டும் கொள்ளை விலை.

"அந்த நாய் வெச்சுட்டுப் போன செலவு" என்றார். வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த டிரைவரே வந்து நின்றார். தோளில் சாக்கின் ஈரம் இன்னும் காயவில்லை.

"ஆஸ்பத்திரியில வேன் ஓட்ட ஆள் எடுக்கறாங்கண்ணே. ஓட்டிக் காட்டினேன், அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. பழைய முதலாளிகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம்னாங்க. வெள்ளிக்கிழமை கேப்பாங்க."

"சரி, அதுக்கு?"

"நீங்க சொன்னா அவர் கேப்பார். நல்லவன்னு சொல்லச் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவர் சொன்னாப் போதும்."

"நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேன்ப்பா. இப்ப பாக்காத மாதிரி எப்படிச் சொல்லச் சொல்றது?"

டிரைவர் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தார். முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசியை, பழக்கத்தில், உள்ளங்கையால் துடைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். போய்விட்டார்.

ஜட்ஜ் வேலையில் இறங்கினார். கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு முன்னால் குழாயில் செருகியிருக்கும் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகி, எஞ்சினை முறுக்க வேண்டும். புகை போக வழியில்லாவிட்டால் முள் ஏறும். வலப்பக்கம் முள் எகிறியது. இடப்பக்கம் முள் அசையவே இல்லை. அதாவது வலது செத்துவிட்டது, இடது ஜோராக மூச்சுவிடுகிறது. ஜட்ஜ் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மணியைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம்.

வீட்டில் மனைவி மெஷினை ஓரம் தள்ளி வைத்துச் சோறு போட்டார்.

"ரெண்டும் போச்சா?"

"வலதுதான் போயிருக்கு. ஆனா மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும். வாங்கியும் வெச்சாச்சு."

"ஏன் வலது மட்டும்?"

"அதான் மண்ணெண்ணெய்னு சொல்றேனே."

"வண்டிக்கு எத்தனை டாங்க்?"

"ஒண்ணு."

மனைவி தண்ணீர்ச் சொம்பை வைத்தார். "ஒரே பானைச் சோத்தைத் தின்னுட்டு ஒருத்தனுக்கு மட்டும் வயித்தால போகுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாமத்தானே கேக்கறேன். புரிஞ்சவரு சொல்லுங்க."

ஜட்ஜ் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார்.

பட்டறைக்குத் திரும்பியதும், ஏழு மாசத்துக்கு முன்பு செய்யாத வேலையைச் செய்தார். எஞ்சினின் மேல்பாகத்தைப் பிரித்து, எட்டாத பக்கத்து மூன்று பிளக்கையும் கழற்றினார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளேர் என்று இருந்தன. ஒரு பக்கம் மூன்றும் கரி, மறுபக்கம் மூன்றும் சுண்ணாம்பு. ஒரு பக்கம் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது, மறுபக்கம் பெட்ரோல் கிடைக்காமல் காய்ந்திருக்கிறது. ஒரே டாங்க். மண்ணெண்ணெய்க்கு வலது இடது தெரியாது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, பலகையில் படுத்து அடியில் போனார். வலப்பக்கச் சென்சாரின் வயரைக் கோக்கும் கப்ளரைப் பிடுங்கினார். கை நீட்டி ஸ்கேனரை இழுத்துப் பார்த்தார். *இடது சென்சார் இல்லை* என்றிருந்தது.

திரும்ப மாட்டினார். இடதைப் பிடுங்கினார். *வலது சென்சார் இல்லை* என்றது.

இந்தச் சென்சார்கள் இரண்டும் இரண்டு மூக்கு. தன் தன் பக்கத்துப் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடி அந்தப் பக்கத்துக்குக் கூட்டும், குறைக்கும். இரண்டு கப்ளரும் கியர்பாக்ஸுக்கு மேலே அக்கம்பக்கமாகத் தொங்கும். ஒரே அச்சு, ஒரே நிறம். கியர்பாக்ஸை ஏற்றும்போது அவற்றை மாற்றி மாட்டியிருந்தது. வலது மூக்கு "போதும் போதும்" என்று கத்தினால் கம்ப்யூட்டர் இடப்பக்கத்துக்குச் சாப்பாட்டை நிறுத்தியது. இடது "பசி, பசி" என்று கத்தினால் வலப்பக்கத்து வாயில் இன்னும் திணித்தது. கத்தக் கத்த மருந்து கூடியது, வேறு நோயாளிக்கு. அன்றைக்குக் கம்ப்யூட்டரின் நினைவை அழித்ததும் ஒரு நாள் வண்டி பறந்தது அதனால்தான்; தப்புக் கணக்கு மறுபடி சேர்ந்ததும் திணறியது. எரியாத பெட்ரோலெல்லாம் வலது கன்வெர்ட்டரில் போய் எரிந்து, தேன்கூட்டை உருக்கிக் கட்டியாக்கிவிட்டது. கன்வெர்ட்டர் தானாகச் சாகவில்லை, கொலை. பிளக்கில் அடித்தது எரியாத பெட்ரோலின் வாடை. கொலை செய்த கை கியர்பாக்ஸ் இறக்கிய நாளில் அடியில் படுத்திருந்த கை. டிரைவர் தேதியைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

ஜட்ஜ் கப்ளர்களை அதனதன் இடத்துக்கு மாற்றி மாட்டினார். இரண்டு விரல் வேலை. ஒரு நிமிஷம் ஆகவில்லை. எஞ்சினின் தடதடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அவர் மல்லாந்து கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் ஒரு வண்டி குணமானதற்காக அவர் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

சும்மா எழுந்து வந்துவிடலாம். வண்டிக்கடியில் யாரும் பார்க்கவில்லை. வலது கன்வெர்ட்டரை மாற்றிக் கொடுத்தால் மாப்பிள்ளை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். ஜட்ஜ் அப்படி நினைக்கவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். நினைத்தார். கைகழுவுகிற வரையில் நினைத்தார். சோப்பு நுரையில் கிரீஸ் போய்க்கொண்டிருந்தபோது, அந்த டிரைவர் கண்ணாடியைத் துடைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டது ஞாபகம் வந்து தொலைத்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி ஒரு சட்டையின் கழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய ஆளு ஐஸ் ஃபேக்டரியில இருக்காரு."

வெள்ளிக்கிழமை காலை ஜட்ஜ் ஃபேக்டரிக்குப் போனார். மாப்பிள்ளையின் அறை கொட்டகையின் ஒரு மூலையைத் தகரத்தால் மறைத்து உண்டாக்கியது. ஒரு மேஜை, ஒரு போன், சுவரெல்லாம் ஈரம். வெளியே இரண்டு ஆட்கள் பாளத்தைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னுது மாப்ளே."

"என்னது?"

"தப்பு! என்னுது!"

கம்ப்ரெஸ்ஸர் சத்தத்தில் குற்றத்தைக்கூடக் கூவித்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கொக்கியோடு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கப்ளரை நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன்! அவன் திருடல!" மேஜைமேல் படிந்திருந்த நீரில் விரலால் இரண்டு கோடு இழுத்து, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக் காட்டினார்.

மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அவன் பட்டறைக்கு வந்து அழுதான்னு கேள்விப்பட்டேன். உங்க மனசு எனக்குத் தெரியாதா மச்சான்?"

"அழல. நான் ஆறு பிளக்கையும் கழட்டிப் பார்த்தேன்."

"அப்ப அன்னைக்கு மண்ணெண்ணெய் வாடை அடிச்சது? நீங்கதானே மோந்து பார்த்தீங்க?"

"பெட்ரோல் எரியாம தேங்கினாலும் ஒரு வாடை வரும். அன்னைக்கு எனக்குத் தெரியல."

"தெரியலையா?" மாப்பிள்ளை நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது தெரியலன்னு சொல்லியிருக்கீங்களா நீங்க? அவனுக்காக இப்படியெல்லாம் பேசறீங்களே!"

ஜட்ஜ் சொன்னதில்லைதான். புதுப் பழக்கம் என்பதால் அதில் ஒரு நம்பகத்தன்மை வரவில்லை.

மாப்பிள்ளை எழுந்து தகரக் கதவைச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அவர் குரலும் இறங்கியது.

"சரி, நீங்க சொல்றது நிஜம்னே வைங்க. ஒன்பது வருஷம் எங்கிட்ட இருந்தவன். ஒரே பேச்சைக் கேட்டுப் நாலு பேர் முன்னால திருடன்னு சொல்லிச் சாவியைப் பிடுங்கினேன். அவன் நல்லவன்னா அப்ப நான் யாரு?"

ஜட்ஜ் மேஜைமேல் அழிந்துகொண்டிருந்த கோடுகளைத் திரும்ப இழுத்தார்.

"அதனால அவன் திருடனாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது, உங்க தங்கச்சிக்கும் நல்லது. நீங்க பேசாம ரெண்டு கன்வெர்ட்டரையும் மாத்திக் குடுங்க."

"இடது நல்லா இருக்கு. வலது மட்டும் போதும்."

"அவன் காலத்துச் சாமான் எதுவும் என் வண்டியில வேண்டாம்."

போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார். ஜட்ஜுக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது.

"ஆமாங்க, ஒன்பது வருஷம்... ஓட்டறதுல ஒரு குறையும் இல்ல... சேச்சே, குடியெல்லாம் கிடையாது... இந்தப் பெட்ரோல் விஷயத்துல மட்டும் கொஞ்சம்... நான் சொன்னேன்னு வேண்டாம்... பிள்ளைகுட்டிக்காரன், பாவம்."

ஜட்ஜ் போனைப் பிடுங்கினார். "அந்த ஆள் திருடலங்க! பழி போட்டது நான்தான்!"

"நீங்க யாருங்க பேசறது?" பெண் குரல், மரியாதையான குரல்.

"மெக்கானிக்."

"முதலாளி இல்லீங்களா?"

"இல்ல. வண்டியைக் கெடுத்தது நான். அதுக்குப் பழி அவர்மேல..."

"சார், எங்க ஃபாரத்துல பழைய முதலாளி கருத்துன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. அதை எழுதிட்டேன். மெக்கானிக்குக்குக் கட்டம் இல்லீங்களே. நன்றி."

வலது கன்வெர்ட்டரை ஜட்ஜ் மாற்றினார். இடதைத் தொடவில்லை. அதற்கு வாங்கியிருந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். அவர் நடத்திய போராட்டம் அவ்வளவுதான். மறுநாளே வேறொரு பட்டறையில் விட்டு இடதையும் மாற்றிவிட்டார்கள். அங்கே துணி கட்டித்தான் கழற்றினார்களாம். ஒரு குறையும் இல்லாத கன்வெர்ட்டர், உருகிப்போன கன்வெர்ட்டரோடு ஒரே சாக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

வண்டி மேட்டில் பறந்தது. அதைவிட வேகமாக ஒரு கதை பறந்தது. ஐஸ் கொக்கியோடு நின்ற இரண்டு ஆட்கள் ஆரம்பித்து வைத்தது. தங்கச்சி வீட்டு வண்டியில் திருடினவனுக்காக ஜட்ஜ் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம், ஃபேக்டரியே அதிரக் கத்தினாராம், மாப்பிள்ளைதான் அழுதுகொண்டே தடுத்தாராம். அழுத விஷயம் எங்கே சேர்ந்தது என்று தெரியவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுன்னா இதுதாங்க மனசு."

"யோவ், நிஜமாவே நான்தான்யா மாத்தி மாட்டினேன்."

"ஆமா, ஆமா" என்று கண்ணடித்தார் கடைக்காரர். "எங்கிட்டயுமா?"

திங்கட்கிழமை காலை ஜட்ஜ் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். தரையெல்லாம் தண்ணீரும் செதிலும். டிரைவர் தோளில் பாளத்தோடு எதிரே வந்தார். இவரைப் பார்த்ததும் பாளத்தை ஒரு தொட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து சொல்லிட்டாங்களா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"வேற ஆள் எடுத்துட்டாங்களாம்."

"நான் போன்ல சொன்னேன்ப்பா. என் தப்புதான்னு சொன்னேன்."

"கேள்விப்பட்டேண்ணே. மார்க்கெட் முழுக்க இதே பேச்சுதான். 'உனக்குப் போய் அவ்வளவு பெரிய மனுஷன் பரிஞ்சு பேசியிருக்காரே, இனிமேலாவது திருந்து'ன்னு நேத்து ஒருத்தர் புத்தி சொன்னார்."

"கப்ளரை மாத்தி மாட்டினது நான்தான். உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சு என்னண்ணே பண்றது?"

ஜட்ஜ் ஒரு அடி கிட்டே வந்தார். "பட்டறைக்கு வந்துடு. வண்டி எடுக்க, விட, எனக்கு ஒரு ஆள் வேணும். இன்னைக்கே வா."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"வந்தா என்ன சொல்லுவாங்க? திருடனைக்கூட சேத்துக்கிட்டார், எவ்வளவு பெரிய மனசும்பாங்க. உங்க பெருமைக்கு போர்டு மாதிரி நான் தினமும் வாசல்ல நிக்கணும். சுமக்கிறதுன்னு ஆயிடுச்சு, ஐஸையே சுமந்துட்டுப் போறேன். அதாச்சும் கரைஞ்சு போகும்."

"பின்ன நான் என்னதான் பண்ணணும்கிற?"

"தெரியலண்ணே." கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பாளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "கொஞ்சம் நகருங்க."

ஜட்ஜ் நகர்ந்தார். டிரைவர் முதுகில் தண்ணீர் வழிய வரிசைக்குள் போய் மறைந்தார்.

பக்கத்துக் கடையில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு ஸ்டூலையும் துடைத்து இவர் முன்னால் போட்டாள். "அவன்கிட்ட எல்லாம் நின்னு பேசணும்னு உங்களுக்கு என்ன ஐயா தலையெழுத்து? உக்காருங்க."

ஜட்ஜ் உட்காரவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஈரத்தில் செருப்பு வழுக்க நடந்தார்.

அதையும் அவருடைய அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.